பருத்தி வேட்டி

ஆனைமலையைத் தாண்டிப் புகைமூட்டத்தில் நான் வந்த பேருந்து நிற்கிறது. சரிவில் தீ. சாலையோர டீக்கடைக்கார அம்மாள் இடுப்பில் கருகிய வேட்டியும் கையில் பச்சைத் தழையுமாகத் தண்ணீர் குடிக்க இறங்கி வருகிறார்.

"வேட்டியா?" என்கிறேன்.

"பாலியஸ்டர் சீலை உருகி ஒட்டிக்குமுங்க. இது ஊட்டுக்காரரோட பருத்தி வேட்டி. அவரு டவுசரோட மேல நிக்கறாருங்க!"

ஊரை நோக்கி இறங்கிய தீயை, பத்துப் பன்னிரண்டு பேர் வெறும் தழையால் அடித்தே பாறைவரை ஒதுக்கியிருக்கிறார்கள். பிரமித்து நிற்கிறேன். யாருக்கும் பயிற்சியில்லை.

வன அதிகாரியாக இருந்தபோது, பயிற்சியில்லை என்று சொல்லி இப்படித் தீயணைக்க வந்தவர்களைத் திருப்பியனுப்பியவன் நான். அன்று ஒரு மலையே எரிந்துபோனது. அம்மாளிடம் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அவர் என் வேட்டியை உற்றுப் பார்க்கிறார்.

"இதும் பருத்திதானுங்களே. அந்தத் தண்ணிக் குடத்தைத் தூக்கிட்டு மேல வாங்க."