பன்னிரண்டு நாள், பன்னிரண்டு பேனா

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் அவருக்குப் பெயர் பேனா சார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி.

"மூணு நாளா குழாயில சொட்டுத் தண்ணி இல்ல சார்" என்று ஒருவர் வயிறெரிந்து மனுவை நீட்டுவார். பேனா சார் அதை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பிடிப்பார். கட்டைவிரலால் மெல்ல ஒரு தேய்ப்பு. "ஜெல் பேனாவா? எழுதி எவ்வளவு நேரம் ஆச்சு? இன்னும் ஈஷுதே!" வந்தவர் திருதிருவென்று விழிப்பார். தண்ணீர் கேட்டு வந்த இடத்தில் பேனாவைப் பற்றி விசாரணை நடந்தால் மனுஷன் என்னதான் செய்வான்? பக்கத்து மேஜை டைப்பிஸ்ட் அம்மா எழுந்து வந்து, "சார், எந்தத் தெருன்னு பாத்தீங்களா?" என்று கேட்ட பிறகுதான் இவர் மனுவுக்குள் இறங்குவார்.

கெட்ட மனுஷன் என்று சொல்லிவிட முடியாது. குடி, சீட்டு எதுவும் கிடையாது. கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கும் பகட்டுப் பேனாக்களின் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். தெருமுனைக் கடையில் டப்பாவில் குத்தி வைத்திருப்பார்களே, பள்ளிப் பிள்ளைகளும் தபால்காரரும் எடுத்துக்கொண்டு போவது, அந்தப் பேனாதான் அவருக்கு உயிர். புதிதாக ஒன்று வந்துவிட்டால் போதும், கால் தரையில் பாவாது. வாங்கி வந்து 'வலப்பக்கம் திரும்பி நேராகப் போகவும்' என்று இருபது முறை எழுதுவார். அந்த வாக்கியத்தில் சுழி, கொம்பு, வளைவு எல்லாம் வந்துவிடுகிறதாம். தொடக்கத்தில் திக்குகிறதா, தாளின் மறுபக்கம் மை ஊறுகிறதா, ஒரு துளி தண்ணீர் விட்டால் தாங்குகிறதா என்று பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார். ஒரே ஒரு குறைதான் அவருக்கு. எல்லாவற்றையும் தன் ஒரு கையாலேயே சோதிக்க வேண்டியிருந்தது. இன்னொரு கை கிடைத்தால் எப்படியிருக்கும் என்று ஏங்கிக்கொண்டிருந்தார்.

கிடைத்தது. கிடைத்திருக்கவே வேண்டாம்.

அவர் மனைவி சின்ன வகுப்பு டீச்சர். இருபத்தாறு வருஷமாகப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிக் கத்திய தொண்டை. ஒருநாள் குரல் கம்மியது, பிறகு திரும்பவே இல்லை. உள்ளே ஒரு கட்டி என்றார்கள், எடுத்தார்கள். "பன்னிரண்டு நாள் வாயைத் திறக்கக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது. கட்டியைச் சோதனைக்கு அனுப்பியிருக்கோம். பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. பதிமூணாம் நாள், வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வந்து ரிசல்ட் வாங்கிக்குங்க" என்றார் டாக்டர். 'ஒண்ணும் இருக்காது' என்பதைப் பேனா சார் பிடித்துக்கொண்டார். 'பெரும்பாலும்' என்பதை அவள் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த அன்றே ஒரு புது நோட்டையும் பன்னிரண்டு பேனாக்களையும் அவள் முன்னால் வைத்தார்.

"இந்தா. தினம் ஒரு பேனா, ஒரு பக்கம். மனசுல என்ன வருதோ எழுது. யோசிச்சு எழுதினா கை இறுகிடும், பேனாவோட குணம் தெரியாது. எப்படியும் பேச முடியாது இல்லையா, உனக்கும் பொழுது போகும்."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முதல் பேனாவை எடுத்தாள்.

உப்பு, தண்ணீர், ஃபேன் இதற்கெல்லாம் அவர்களுக்கு எழுத்து வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருஷம் கூடிவாழ்ந்ததில் கைஜாடையே போதும். கைஜாடைக்குள் அடங்காதது ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் அவள் நோட்டில் எழுதினாள். முதல் நாளே எழுதினாள். 'எனக்குப் பயமா இருக்குங்க. வெள்ளிக்கிழமை நீங்களும் கூட வாங்க.'

சாயங்காலம் பேனா சார் பூதக்கண்ணாடியும் கையுமாக உட்காருவார். அவள் எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் வரிவரியாகப் போவார், ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்பு எழுதுவார். கடைசியில் தலையை நிமிர்த்துவார்.

"ஏழாவது வரியில மை விட்டுவிட்டு வந்திருக்கு, கவனிச்சியா?"

அந்த ஏழாவது வரியில்தான் 'கூட வாங்க' இருந்தது. இந்த மனுஷனை என்னவென்று சொல்வது! கண் இரண்டும் அந்த எழுத்தின் மேல்தான் மேய்ந்தது. மை தெரிந்தது, வார்த்தை தெரியவில்லை. இரண்டாம் நாளும் அதே கதை, மூன்றாம் நாளும் அதே கதை. ஒன்பதாம் பக்கத்தில் மை ஓரிடத்தில் கலைந்து பரவியிருந்தது. "அட, தண்ணி டெஸ்ட்டை நீயே பண்ணிட்டியா? கெட்டிக்காரிதான் போ!" என்று குதூகலித்து, 'நீர் தாங்காது, நாலு மார்க்' என்று எழுதினார். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

புதன்கிழமை சாப்பிடும்போது சொன்னார்: "வெள்ளிக்கிழமை நீயே போயிட்டு வந்துடு. ஒரு தாளை வாங்குறதுதானே? நான் லீவு சொல்லல." அவள் தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு பக்கமும் நிரம்பிய நோட்டைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் போனார். தலைகால் புரியாத சந்தோஷம். "பாருங்கம்மா, ஒரே கை, பன்னிரண்டு பேனா. இப்படி ஒரு ஒப்பீட்டை எவனும் செஞ்சிருக்க மாட்டான்!" என்று டைப்பிஸ்ட் அம்மாவின் மேஜையில் விரித்தார். மனு கொடுக்க வந்த நாலைந்து பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

டைப்பிஸ்ட் அம்மாவுக்கு மையும் தெரியாது, நிப்பும் தெரியாது. எழுத்தைப் பார்த்தால் படிப்பார், அவ்வளவுதான். மூன்றாம் பக்கம் வந்திருந்தது. பழக்கதோஷத்தில் வாய்விட்டே படித்துவிட்டார்.

"'நேத்தும் எழுதினேன், நீங்க ஒண்ணும் சொல்லல. டாக்டர் பெரும்பாலும்னுதான் சொன்னார். என்னால தனியா போய் அந்தத் தாளை வாங்க முடியாது. வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும்...'"

நிறுத்திவிட்டார். டைப்பிஸ்ட் அம்மா பக்கங்களைத் தள்ளினார். ஒன்பதாம் பக்கத்தில் கலைந்த மையையும் பக்கத்தில் சிவப்பில் போட்டிருந்த நாலு மார்க்கையும் பார்த்தார். மெதுவாக நோட்டை மூடினார்.

"சார், இது தண்ணி இல்ல சார். அவங்க அழுதிருக்காங்க. இதை நான் படிக்கக் கூடாது. இன்னிக்குத்தானே வெள்ளிக்கிழமை?"

பேனா சாருக்குக் காது இரண்டும் நெருப்பாக எரிந்தது. மணி பத்தே முக்கால். யாரிடமும் எதுவும் சொல்லாமல் நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். பஸ்ஸில் நின்றபடியே முதல் பக்கத்தைப் பிரித்தார். அதே நோட்டுதான், அதே எழுத்துதான். முதல் நாள் கூப்பிட்டிருக்கிறாள். இரண்டாம் நாள் கூப்பிட்டிருக்கிறாள். மூன்றாம் நாள் கெஞ்சியிருக்கிறாள். பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் தன் சிவப்பு எழுத்து: 'ஓட்டம் நன்று.' 'அழுத்தம் கேட்கிறது.' சீ என்றிருந்தது அவருக்கு. பக்கத்தில் நின்ற ஆள் எட்டிப் பார்ப்பதாகத் தோன்றவும் நோட்டை மார்போடு அணைத்து மூடிக்கொண்டார். நாலாம் பக்கத்தைப் பிரிக்கக் கை வரவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் திரும்பும்போதே பேச்சுக் குரல் கேட்டது. கரகரத்த, தாழ்ந்த, நடுநடுவே உடைகிற குரல். அவள் குரல்தான். பெஞ்சில் முன்பின் தெரியாத ஒரு நடுவயதுப் பெண்ணோடு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண்ணின் கை இவள் கையைப் பிடித்திருந்தது. பேனா சாரைப் பார்த்ததும் அவள் பேச்சை நிறுத்தினாள்.

"என்ன சொன்னாங்க?" என்றார்.

"ஒண்ணும் இல்லையாம். சாதாரணக் கட்டிதானாம்."

அவர் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"வீட்டுக்காரரா? இவங்களால தாளைப் பிரிக்க முடியலைங்க. கண்ணை மூடிக்கிட்டாங்க. அப்புறம் நான்தான் படிச்சுச் சொன்னேன்" என்று எழுந்து, "வரேம்மா, உடம்பைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் நோட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"பார்த்தேன்" என்றார் அவர். "தினம் பார்த்தேன். படிக்கல. மன்னிச்சுடுன்னு கேக்கவும் வெக்கமா இருக்கு."

"தெரியும். மூணு நாள்லயே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் எழுதிக்கிட்டே இருந்தே? நோட்டைத் தூக்கி என் மூஞ்சியில அடிச்சிருக்கலாமே!"

அவள் எச்சில் விழுங்கினாள். வலித்திருக்க வேண்டும்.

"நீங்க படிக்கப்போறதில்லைன்னு தெரிஞ்ச பிறகுதான் எல்லாத்தையும் எழுத முடிஞ்சுது. நான் போயிட்டா நீங்க என்ன செய்வீங்க, உங்களோட இருந்தது எனக்கு எப்படி இருந்தது, எல்லாம்."

அவர் மடியிலிருந்த நோட்டைப் பார்த்தார். நாலாம் பக்கத்தைத் தேடினார்.

"இப்ப படிக்கிறேன். இங்கேயே உக்காந்து முழுசும் படிச்சுடறேன்."

அவள் உள்ளங்கையை அந்தப் பக்கத்தின் மேல் வைத்தாள்.

"வேணாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. பிள்ளையின் கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்குவதுபோல மெதுவாக நோட்டை வாங்கி, ரிசல்ட் தாளோடு சேர்த்துத் தன் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். பையை அவர் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். அவள் அதை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.