‘நேரம்’ என்ற பெயரில் ஒருவர்

‘சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்? அழுது அழுது புத்தி பிசகிவிட்டது என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நடந்தது நடந்ததுதான்.’

இன்றைக்கும் அவள் மனதுக்குள் இப்படித்தான் சொல்லிக்கொள்கிறாள். வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை.

படுத்த படுக்கையான நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்காக மாதம் ஒருமுறை இணையத்தில் வகுப்பு நடத்துவது அவள் வேலை. மாலை ஐந்திலிருந்து ஆறு வரை. பேச வருகிற டாக்டர்களுக்கு வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. ‘நேரமாகிறது’ என்று எழுதி அனுப்பினால் படிக்கவும் மாட்டார்கள். அதற்கு அவள் கணவன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். அடுத்த அறையில் உட்கார்ந்துகொண்டு ‘நேரம்’ என்ற பெயரில் வகுப்புக்குள் நுழைவான். திரையில் அவனுடைய கட்டத்தில் முகம் தெரியாது. ஒரு மேஜை விளக்குதான் தெரியும். ஐந்து நிமிடம் மிச்சமிருக்கும்போது விளக்கைப் போடுவான். நேரம் முடிந்ததும் அணைப்பான். அப்புறமும் பேசினால், டக் டக் என்று போட்டுப் போட்டு அணைப்பான். எந்தக் கொம்பனும் அதற்கு மேல் பேசியதில்லை. டாக்டர்கள் செல்லமாக அவனை எமன் என்பார்கள்.

ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அவன் அப்படித்தான். பார்வையாளர் நேரம் முடிந்ததும் சுவர்க் கடிகாரத்தைக் கண்ணால் காட்டி, “டைம் ஆச்சு, கிளம்பு” என்றான். அவளும் கிளம்பினாள். வீட்டுக் கதவைத் திறப்பதற்குள் அவன் போய்விட்டான் என்று போன் வந்துவிட்டது. சொல்ல நினைத்தது எல்லாம் நெஞ்சுக்குள்ளேயே நின்றுபோயிற்று.

அதற்குப் பிறகு அவள் நடத்திய முதல் வகுப்பு அது. வெளியே நல்ல மழை. வழக்கம்போலப் பத்து நிமிடம் முன்னதாகவே வகுப்பைத் திறந்தாள். திறந்த மறுகணமே உள்ளே ஒருவர் இருந்தார்.

‘நேரம்.’

கட்டம் கறுப்பாக இருந்தது. அலுவலகத்தில் கணினி வேலை பார்க்கும் தம்பிதான் கணவனின் பழைய அக்கவுன்ட்டில் வந்து உதவுகிறான் என்று நினைத்தாள். சொல்லாமலே செய்கிறானே, முடிந்ததும் கூப்பிட்டு நன்றி சொல்ல வேண்டும்.

அன்றைக்குப் பேசியவர் பெரிய டாக்டர். படுக்கைப் புண்ணைப் பற்றி ஆரம்பித்து, தன் கல்லூரிக் காலம் வரைக்கும் போய்விட்டார். அவள் மணியைப் பார்த்தாள். ஐந்து ஐம்பத்தைந்து.

டக்.

கறுப்புக் கட்டத்தில் விளக்கு எரிந்தது. அதே விளக்கு. அதே மேஜை.

சத்தம் முதலில் சுவர் வழியாக வந்தது. அரை விநாடி கழித்து, அதே சத்தம் ஹெட்போனில்...

“விளக்கு வந்துடுச்சு, முடிச்சிடறேன்” என்றார் டாக்டர், பழக்க தோஷத்தில். சொன்னவர் சட்டென்று நிறுத்தினார். திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்து எதையோ பார்த்தார். அப்புறம் ஒரு வேடிக்கைப் பேச்சுக்கூட இல்லை. மடமடவென்று முடித்தார்.

சரியாக ஆறு.

டக். விளக்கு அணைந்தது.

ஒவ்வொருவராக வெளியேறினார்கள். இரண்டு பேர் மிச்சம். அவள். ‘நேரம்’.

அவள் எழுந்துபோய் அடுத்த அறையைத் திறந்தாள். இருட்டு. நாற்காலி காலியாக இருந்தது. மேஜையில் விளக்கு மட்டும்.

பல்பைத் தொட்டாள். சுட்டது.

பிளக் சுவரில் இல்லை. கீழே தரையில் கிடந்தது...

செல்போன் அடித்தது. கணினித் தம்பி. மழையில் பஸ்ஸிலேயே மாட்டிக்கொண்டதாகவும், வகுப்புக்குள் வரவே முடியவில்லை என்றும் மன்னிப்புக் கேட்டான்.

“அப்ப ‘நேரம்’னு வந்தது நீ இல்லையா?” என்றாள்.



“அண்ணனோட அக்கவுன்ட்டா? அதை அவர் போன அடுத்த வாரமே அழிச்சிட்டேனே அக்கா. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் சொல்லல.”

அவள் தன் அறைக்கு ஓடி வந்தாள். கட்டம் அப்படியே இருந்தது.

டக்... டக்...

விளக்கு எரிந்து அணைந்தது. மறுபடி எரிந்து அணைந்தது. எத்தனை பேரை அப்படி விரட்டியிருக்கிறான்.

திரையின் ஓரத்தில் சிவப்புப் பொத்தான். அதை அழுத்தினால் வகுப்பு மூடிவிடும். அந்தக் கட்டமும் போய்விடும்.

“அக்கா, இருக்கீங்களா? மீட்டிங் இன்னும் ஓடிட்டிருக்கு. என் போன்ல காட்டுது. பயமா இருக்குக்கா, முதல்ல அதை மூடுங்க.”

டக்... டக்... டக்...

அவள் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இல்லப்பா” என்றாள் மெதுவாக. “மூட மாட்டேன்.”