பர்மனென்ட்டா என்று கேட்ட கம்ப்யூட்டர்

மெமரி கார்டு உள்ளங்கை வேர்வையில் ஒட்டிக்கொள்ளும். நகத்தால் நெம்பித்தான் எடுக்க வேண்டும்... நெய்வேலியில் ஒரு பிரவுசிங் சென்டரில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது.

அப்படி ஒரு கார்டைக் கொண்டுவந்தார் செல்வம் அண்ணன். மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத மகளின் படங்கள் அதில் இருந்தன. குவைத்தில் இருக்கும் மச்சானுக்கு மெயிலில் அனுப்ப வேண்டும். தாய்மாமன் இன்னும் குழந்தையின் முகத்தையே பார்க்கவில்லை. இடம் இல்லையென்று போனில் இருந்ததை அழித்தாயிற்று, இருப்பது இந்தக் கார்டு மட்டும்தான்.

கார்டு முழுக்க வைரஸ். அதை அழிக்கப் போனவள், கை தவறிப் படங்கள் இருந்த ஃபோல்டரில் டெலீட்டைத் தட்டிவிட்டேன். நிரந்தரமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் இங்கிலீஷில் கேட்டது. நல்லவேளை என்று 'நோ' கொடுப்பதற்குள், பிரிண்டரில் பேப்பர் சிக்கிவிட்டதென்று யாரோ கூப்பிட்டார்கள்.

திரும்பி வந்தால் ஃபோல்டரைக் காணோம்.

"அண்ணே, என்ன பண்ணீங்க?"

"பர்மனென்ட்டான்னு கேட்டுதும்மா... எஸ் குடுத்துட்டேன். இத்தினி வருசமா கான்ட்ராக்ட்ல ஓடிக்கினு இருக்கேன். நோன்னு அமுக்க மனசு வருமா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. தப்பு என்னுடையதுதானே.

என் முகத்தைப் பார்த்தவருக்குத் திடீரென ஞாபகம் வந்தது. "இரும்மா... ஷிப்ட் பஸ்ல நம்ம பசங்க ப்ளூடூத்ல ஏத்திக்கினானுங்களே!"

மறுநாள் ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்ததும் ஏழு பேர் வந்து நின்றார்கள். கையில் ஹெல்மெட், பூட்ஸ் நிறைய மண். எங்கள் ஓனர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஒவ்வொருவர் போனிலும் ஒன்றோ இரண்டோ படங்கள். ப்ளூடூத்தில் கம்ப்யூட்டருக்கு ஏறும்போது நகர்ந்தால் பாதியில் அறுந்துவிடுமென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் குழந்தையை வால்பேப்பராகவே வைத்திருந்தார்.

"எம் பொண்ண நீ எதுக்குடா வச்சிக்கினு இருக்க?"

"எங்க வூட்டுக் குட்டி தூங்கவே மாட்டேங்குதுண்ணே. இதப் பாத்தாவது நிம்மதியா இருக்கலாம்னுதான்."

சென்டரே சிரித்தது. பதினோரு படங்கள் தேறின. மெயில் போனது. மாலைக்குள் பதில் வந்துவிட்டது... "மூக்கு அப்படியே என் தங்கச்சி மூக்கு." அந்த ஒற்றை வரியைப் பிரிண்ட் எடுத்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார் அண்ணன். எனக்கு அன்றைக்குத் தரையில் கால் பாவவில்லை.

இப்போது என் மகள் ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் படம் வெளிநாடு போய்ச் சேர்ந்துவிடுகிறது. வசதிதான், குறை சொல்ல மாட்டேன். தொலைந்தாலும் கவலையில்லை, எல்லாம் க்ளவுடில் இருக்கிறதாம்.

ஆனால் தினமும் ஆபீஸ் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருகிறவர்கள் யாருடைய போனிலும் என் பெண்ணின் படம் இல்லை.