புருல்சா கேள்விக்குறி போட்ட நாள்

நாரின் என்ற மலையூரில் பலருக்குப் புருல்சாவின் முகம் தெரியாது, கைவண்ணம் தெரியும். உள்ளூர் டிவியின் அடியில் ஓடும் பிறந்தநாள் வாழ்த்து, கல்யாண அழைப்பு, காணாமல் போன குதிரை எல்லாம் அவள் வேலைதான். முன்பு பள்ளியில் விளையாட்டு டீச்சர். முழங்கால் போனதும் கணினி முன்னால் உட்கார்ந்தாள். விசில் போனாலும் அதட்டல் போகவில்லை.

மக்கள் அனுப்பும் செய்திகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே நீள வரியாக வந்து விழும். ஒவ்வொன்றின் முடிவிலும் அடைப்புக்குறிக்குள் அனுப்பியவரின் போன் நம்பர். அது திரையில் வரக் கூடாது. கையால் அழித்து அழித்து அலுத்துப்போய், வேண்டிய எழுத்துகளைச் சில குறிகளால் தேடிப் பிடிக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற வித்தையைத் தானே கற்றுக்கொண்டாள்.

அதன் குறிகளை அவள் விருந்து வீடாகத்தான் பார்த்தாள். கூரை போன்ற குறி வரியின் தொடக்கம். வாசலுக்கு எதிரே பெரியவர்கள் அமரும் இடம். டாலர் குறி வரியின் முடிவு. வாசலோரம், மருமகள்கள் தேநீர் ஊற்றும் இடம். புள்ளி எந்த எழுத்தையும் ஏற்கும், யார் வீட்டு விருந்தாளி என்று கேட்காது. நட்சத்திரம், 'எத்தனை பேர் வந்தாலும் வரட்டும்' என்பது. பின்சாய்வுக் கோடு மற்றக் குறிகளின் பதவியைப் பறிப்பது. அது முன்னால் நின்றால் அடைப்புக்குறி வெறும் அடைப்புக்குறிதான்.

அன்று காலை அப்படியே எழுதினாள்: திறக்கும் அடைப்பு, புள்ளி, நட்சத்திரம், மூடும் அடைப்பு. அடைப்புகளின் முன்னால் ஒவ்வொரு கோடு. அகப்படுவதை அழி என்று ஒரு தட்டு. வேலை முடிந்தது என்று காலை நீட்டிக்கொண்டாள்.

மதியம் போன் அலறியது. கணவனின் அண்ணன் எசென். அன்று மாலை அவர் மகளுக்குக் கல்யாண விருந்து.

"ஏம்மா, டிவில என்னத்தக் காட்டுற? டிராக்டர்காரன் சபிர்பெக்குக்கு அறுபது வயசுன்னு அதே திரும்பத் திரும்ப ஓடுது! மண்டபத்துல தண்ணிக் குழாய் வெடிச்சு, விருந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாத்திட்டோம்னு காலையிலயே அனுப்பினேனே, அது எங்க?"

"பாக்குறேன் மாமா."

"பாக்குறியா? குதிரைய அடிச்சு வேக வச்சிருக்கேன். ஊரையே கூப்பிட்டாச்சு, யாருக்குன்னு போன் போடுவேன்? அம்புட்டுப் பேரும் பூட்டின மண்டபத்துல போய் நின்னா என் மானம் கப்பலேறிடும். பொட்டி தட்டுற வேலைன்னு பெருசா பீத்திக்கிட்டியே!"

புருல்சா திரையைப் பார்த்தாள். சபிர்பெக்கின் வாழ்த்துக்குப் பிறகு வரியே காலி. எல்லாச் செய்தியையும் யார் தின்றது?

தின்பது என்றதும் எசெனின் பைதான் ஞாபகம் வந்தது. விருந்தில் மிஞ்சியதை வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போவது எல்லோரும் செய்வதுதான். இவர் முதல் தட்டில் பையைத் திறந்தால் கடைசித் தட்டில்தான் மூடுவார். நடுவில் இருப்பதெல்லாம் உள்ளே. மனைவி கலிபா பின்னால் நின்று மேல்கோட்டின் நுனியை இழுத்தால்தான் முதல் தட்டோடு நிற்பார்.

நட்சத்திரமும் அதையேதான் செய்திருந்தது. முதல் செய்தியில் திறந்த அடைப்பிலிருந்து கடைசிச் செய்தியில் மூடிய அடைப்பு வரை ஒரே விழுங்கு! அதன் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டால் எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவோடு நிற்கும் என்று படித்திருந்தாள். அவசரத்தில் விட்டுவிட்டாள். காலையில் வந்த மூல வரியை எடுத்து, இப்போது போட்டாள். நம்பர்கள் மட்டும் போயின, செய்திகள் எல்லாம் பிழைத்து வந்தன. 'எசென் வீட்டு விருந்து பள்ளிக்கூடத்தில்' என்று மாலை வரை ஓடவிட்டாள்.

ஆனாலும் பயந்துகொண்டேதான் பள்ளிக்குப் போனாள். வெளியே குதிரைகளும் கார்களும் நிற்க இடமில்லை. சபிர்பெக் உட்பட ஊரே உள்ளே இருந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

வழக்கம்போல வாசலோரம் தேநீர்ப் பானையைத் தூக்கினாள். எசென் வந்து அதைப் பிடுங்கினார்.

"நீ இன்னிக்கு ஊத்த வேணாம். மேல வந்து உக்காரு."

"அங்கயா? பெரியவங்க இடம் மாமா."

"நான் சொல்றேன்ல, வா!"

உட்காரவைத்து, கறியில் நல்ல துண்டாகப் பார்த்துத் தட்டில் வைத்தார். "ஆமா, அப்படி என்னதான் பண்ணின?"

"ஒண்ணுமில்ல மாமா. பேராச புடிச்ச ஒருத்தன் பின்னால காவலுக்கு ஒரு ஆள நிறுத்தினேன்."

"அப்படித்தான் பண்ணணும்! அந்த மாதிரி ஆளுங்கள விடக் கூடாது," என்று எசென் தொடையைத் தட்டிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கோட்டுப் பையிலிருந்து பெரிய பையை எடுத்து உதறி, முதல் தட்டின் பக்கம் வாயை விரித்தார்.

பின்னாலிருந்து கலிபாவின் கை கோட்டைப் பிடித்து இழுத்தது. "போதும்ல?"

புருல்சாவுக்குத் தேநீர் புரையேறியது.