ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு

மாமாவின் கல்யாணத்துக்காக அம்மா மலாயாவிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறியபோது எனக்கு மூன்று வயது. மணல்வாரி அம்மை போட்டிருந்ததால் என்னை அப்பாவிடம் விட்டுவிட்டு, அண்ணனை மட்டும் கூட்டிக்கொண்டு போனாள். சீக்கிரம் திரும்புவதாகத்தான் பேச்சு. அதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான். கப்பல் நின்றது, கடிதமும் நின்றது.

என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று, தெருவில் இருந்த ஒரு விதவையை அப்பா வீட்டோடு சேர்த்துக்கொண்டார். அவளைச் சின்னம்மா என்று கூப்பிட்டேன். சில மாதங்களிலேயே அப்பாவை ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துப் போனார்கள். கூடப் போய்த் திரும்பிய ஒருவர், அவர் காய்ச்சலில் போய்விட்டதாக வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். சின்னம்மா அப்போதே என்னை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. மரவள்ளிக்கிழங்கை அவித்துக் கொடுத்தே வளர்த்தாள்.

சண்டை முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியதும் அம்மா வந்தாள். அண்ணன் படிப்புக்காக மாமா வீட்டிலேயே தங்கிவிட்டான். அப்பா செத்தது அம்மாவுக்கு அதுவரை தெரியாது. மலாக்கா காஜா பெராங்கில் எங்கள் வீட்டு வாசலில் பெட்டியோடு நின்றவளைப் பார்த்து, நான் சின்னம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அதற்காக அம்மா சின்னம்மாவைக் கடைசிவரை மன்னிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இருவருக்கும் போக வேறு இடமில்லை. அம்மா வீடுகளுக்கு மசாலா அரைத்துக் கொடுத்தாள், சின்னம்மா துணி துவைத்தாள். ஒரே சமையற்கட்டில் இரண்டு அடுப்பு. நேருக்கு நேர் பேச்சே கிடையாது.

“மழை வருது, துணிய எடுக்கச் சொல்லு அவள,” என்பாள் அம்மா.

இரண்டடி தள்ளி நிற்பவளிடம் நான் போய்ச் சொல்ல வேண்டும்.

“கேட்டுச்சுன்னு சொல்லு.”

பக்கத்து வீட்டில், தலைமுறை தலைமுறையாக மலாயே பேசிவந்த மலாக்கா செட்டிப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. சொன்னதையே நான் திரும்பச் சொல்வதைக் கேட்டு, எங்கள் வீட்டில் எல்லாருக்கும் காது மந்தமோ என்று சின்னம்மாவிடம் மலாயில் விசாரித்தாளாம். யார் மனமும் நோகக் கூடாதென்று இரண்டு அடுப்புச் சோற்றையும் தின்றேன். வளர வளர அதுவே பெரிய வேலையாகிவிட்டது.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்தபோது தெருவே கொண்டாட்டத்துக்குக் கிளம்பியது. இருவருமே என்னைக் கூப்பிட்டார்கள். யாரோடு போவதென்று யோசிக்கவே அலுப்பாக இருந்தது. தலைவலி என்று படுத்துவிட்டேன். வெளியே சத்தம் கேட்டபடியே தூங்கிப்போனேன்.

அடுத்த வருடம் அண்ணன் வந்தார். மீசை வைத்த, நன்றாகப் படித்த, யாரோ ஒருவர். என்னை “நீங்க” என்றார். அம்மாவை அழைத்துப் போக வந்திருந்தார்.

“நீயும் வந்துடு,” என்றாள் அம்மா.

நான் அப்போது ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடையில் தைத்துக்கொண்டிருந்தேன்.

“நான் வரலம்மா.”

“அவளுக்காகவா?”

“தெரியலம்மா. இனிமே யாரையும் புதுசாப் பழக என்னால முடியாது.”

அம்மா பெட்டியை அடுக்கத் தொடங்கினாள். புறப்படும் நாளில் டாக்சி வந்து நின்ற பிறகு மறுபடி சமையற்கட்டுக்குப் போனாள். முதல்முறையாகச் சின்னம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

“இவளுக்குக் கத்திரிக்கா ஒத்துக்காது. உடம்பெல்லாம் தடிச்சிடும்.”

“எனக்குத் தெரியாதாக்கா?”

அம்மா தலையாட்டிவிட்டு வாசலுக்கு வந்தாள். பிறகு டாக்சியில் ஏறிக்கொண்டாள். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நான் தூங்கினேன். சின்னம்மா எழுப்பவில்லை.

சில வருடங்கள் கழித்துத் தந்தி வந்தது. ஊரில் அம்மாவுக்கு எல்லாம் முடிந்த பிறகு வந்த தந்தி. என்னைவிடச் சின்னம்மாதான் சத்தமாக அழுதாள். கடையில் லீவு கேட்டேன்.

“யாரு தவறிட்டாங்க?” என்றார் முதலாளி.

“அம்மா.”

“நேத்துகூட மார்க்கெட்ல பார்த்தேனே!”

விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஊரில் இருந்த அம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.