புளியங்கொட்டைப் புதையல்

கார்த்திகை மாதம் கோயிலில் விளக்கு வைக்கக் கூட்டம். எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் சடை நுனி அகலில் பட்டுவிட்டது. யாரோ தட்டி அணைத்தார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சிரித்துக்கொண்டே போய்விட்டாள். முடி கருகிய வாசனை மட்டும் நின்றது.

அன்றுதான் என் கழுத்தில் புதுச் சங்கிலி. மெல்லியதுதான். ஆனாலும் பொன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கை தானாகப் போய்ச் சங்கிலியை மூடிக்கொண்டது. கண் கோபுரத்துக்குப் போனது. மேலேயிருந்து எதுவும் இறங்கி வருகிறதா என்று பார்த்தேன்.

காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். பரவாயில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் பழைய பட்டு வாங்குகிற கடையில் வேலை பார்த்தேன். எட்டாவதோடு நின்ற எனக்கு அது நல்ல வேலை. கிழிந்த பட்டுப்புடவை கொண்டுவருவார்கள். எடை போட்டு வாங்குவோம். கரையை வெட்டிக் கடைக்குப் பின்னால் எரிப்பார்கள். பட்டு சாம்பலாகும், ஜரிகையில் இருக்கிற வெள்ளி நிற்கும். பட்டு எரிந்தால் முடி எரிந்த வாசனைதான். விற்க வந்தவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு அது சம்பள வாசனை. வீட்டில் என் தங்கை பக்கத்தில் படுக்கமாட்டாள், அது வேறு விஷயம்.

கடை மாடியில் ஓர் அறை. முதலாளியின் அண்ணன் மகன் தினேஷ் அங்கே இருந்தார். கம்ப்யூட்டர் வேலை. ஊரடங்கில் பெங்களூரிலிருந்து வந்தவர், முடிந்த பிறகும் போகவில்லை. ஞாயிறு மதியம் கடை சாத்தியதும் அவரைத் தேடி இரண்டு பேர் வருவார்கள். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற பாபு, அவரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். பக்கத்துத் தெரு ரேவதியக்கா, ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு ஞாயிறு சாவி கொடுக்க மேலே போனேன்.

“ஒரு ஆளு குறையுது. வந்து குந்துமா” என்றார் தினேஷ்.

“எனக்கு இங்கிலீஷ் தெரியாதுணா.”

“இதுக்குப் பயம் தெரிஞ்சா போதும்.”

அது தெரியும். உட்கார்ந்தேன்.

பலகை கிடையாது, காய் கிடையாது. தினேஷ் கதை சொல்வார். குகை வாசலில் நிற்கிறீர்கள், உள்ளே மூச்சுச் சத்தம், என்ன செய்வீர்கள் என்பார். நாம் சொல்ல வேண்டும். சொன்னது நடக்குமா என்று ஒரு கட்டை முடிவு செய்யும். நம் தாயக்கட்டை மாதிரி இல்லை. இருபது முகம், கோலிக்குண்டு போல உருளும். பெரிய எண் விழுந்தால் பிழைத்தோம்.

ஆளுக்கொரு வேஷம். பாபு வாள்வீரன். ரேவதியக்கா மந்திரத்தால் காயம் ஆற்றுகிறவள், பெயர் தாமரை. எனக்குத் திருடி வேஷம் கொடுத்தார்.

“வேணாம்ணா. வேலை செய்ற இடத்துல எனக்குத் திருடின்ற பேரு வேணாம்.”

“வெளாட்டுதானமா.”

“உங்களுக்கு வெளாட்டு.”

அவர் எழுதியதை அடித்தார். “சரி, நீ யாரா இருக்கற?”

“சுமை தூக்கறவ.”

“அப்படி ஒரு ஆளே இந்த ஆட்டத்துல இல்லயே.”

“இப்ப இருக்குது. எழுதிக்கபா” என்றார் ரேவதியக்கா.

இப்படித்தான் மூன்று பேர் சொத்தும் என் தலையில் ஏறியது. கதையில் கிடைக்கிற பொற்காசுக்குப் பதில் புளியங்கொட்டை. கொட்டை பிஸ்கட் டப்பாவில். டப்பா என் மடியில்.

மற்றவர்கள் செலவு செய்கிற அழகைப் பார்க்க வேண்டும். டீக்குச் சில்லறை தேடுகிற பாபு, கதையில் குதிரை வாங்கினான். குதிரைக்கு வெள்ளி லாடம் அடித்தான். போகிற ஊரிலெல்லாம் ஊருக்கே பிரியாணி போட்டான். நான் ஒவ்வொரு கொட்டையாக எடுத்துக் கொடுப்பேன். சத்திரத்தில் படுக்கக் காசு கேட்டால் நான் லாயத்தில் குதிரையோடு படுத்துக்கொள்வேன்.

“இல்லாத காசுக்கு இன்னாமா கஞ்சத்தனம்?” என்பான் பாபு.

“இந்த ஊர்ல அடகுக் கடை இருக்குதாணா?” என்று ஒருநாள் கேட்டேன். தினேஷ் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு எனக்காக ஒரு அடகுக் கடை வைத்தார், கம்பி போட்ட ஜன்னலோடு. நான் உள்ளே போகவில்லை. அம்மாவின் தோடு அப்படி ஒரு ஜன்னலுக்குள்தான் போனது. கீழே வைத்த பொருளை மறுபடி பார்த்த பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

பிறகு ஒரு ஞாயிறு, செத்துப்போன ராஜாவின் சமாதிக்குள் நுழைந்தோம். எலும்புக்கூட்டின் மேல் ஜரிகைப் போர்வை. பாபு வாளைத் தேடினான். நான் போர்வையைக் கொளுத்துங்கள் என்றேன். வேலைப் பழக்கம். கட்டையை உருட்டினேன், பெரிய எண் விழுந்தது, எரிந்துவிட்டது.

தினேஷ் தலையில் கைவைத்துக்கொண்டார். “மந்திரப் போர்வைமா அது! போத்திக்கினா யார் கண்ணுக்கும் தெரியமாட்டீங்க. உங்கள காப்பாத்தறதுக்கே வச்சிருந்தேன்.”

“வெள்ளி எவ்ளோ தேறுச்சுணா?”

பாபு பாயில் உருண்டு சிரித்தான். தினேஷ் ஒரு கை கொட்டையை அள்ளி டப்பாவில் போட்டார். போட்டுவிட்டுக் குரலை இறக்கினார்.

“வாசனை போயிடுச்சு.”

“எங்க?”

“மலைக்கு. அங்க ஒண்ணு தூங்கிக்கினு இருந்துச்சு. இப்ப முழிச்சிக்கிச்சு.”

டிராகன் என்றார். படம் காட்டினார். கோயில் தூணில் நிற்கிற யாளிக்குச் சிறகு வைத்த மாதிரி இருந்தது. நான் கடைசிவரை யாளி என்றுதான் சொன்னேன். அதற்குப் பசி கிடையாதாம். பொன்னையும் வெள்ளியையும் குவித்து மேலே படுத்துக்கொள்ளுமாம். சுமக்கிற ஆளைத் தேடி வருமாம். சுமை கூடினால் இன்னும் கிட்டே வருமாம்.

அதன் சிறகுக்கு ஒரு சத்தமும் வைத்திருந்தார். பனைவிசிறியைத் தொடையில் தட்டுவார். தப். கொஞ்சம் விட்டு, தப். நான் டப்பாவை இறுக்கிக்கொள்வேன். மடியில் டப்பா வியர்வையில் வழுக்கும்.

“கீழ போட்டுடுமா! போட்டா போயிடும்!” என்று பாபு கத்துவான். ரேவதியக்காவும் கத்துவார். “கொட்டதானமா, கீழ போடு!”

கை திறக்காது.

மற்ற நாளிலும் பயம் விடவில்லை. சம்பளத்தைச் சுடிதாருக்குள் வைத்துக்கொண்டு கோயில் மதில் ஓரமாக வருவேன். பொழுது சாய்ந்தால் கோபுரத்திலிருந்து வௌவால் கிளம்பும். தப், தப். ஓடுவேன். முனைக்கடை அம்மா ஒருநாள் கேட்டார், “இன்னாமா, நாய் தொரத்துதா?” ஆமாம்மா என்றேன். வேறென்ன சொல்வது? முன்னேயும் சம்பள நாளில் பயந்தவள்தான். ஆனால் அந்தப் பயத்துக்கு அப்போது சிறகு இல்லை.

ரேவதியக்காவுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தது. திருப்பதியைத் தாண்டிப் போகாதவர். விமானத்தைக் கீழேயிருந்து பார்த்தவர். கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு வந்தார். உட்காருவதற்கு முன்பே சொன்னார்.

“தினேஷு, இன்னைக்குத் தாமரைய சாவடிச்சிடாதபா. நான் பிளைட்டு ஏறணும். அவ செத்துட்டா என்னால ஏற முடியாது.”

“ஊசி போட்டே ஊர நடுங்க வைக்கற, உனக்கா பயம்கா?” என்றான் பாபு.

அக்கா சிரிக்கவில்லை. நாங்களும் சிரிக்கவில்லை.

“கட்டை சொல்றதுதான்கா” என்றார் தினேஷ். அந்த விஷயத்தில் அவர் யாருக்கும் வளைந்ததில்லை.

மலைக் கணவாயில் யாளி இறங்கியது. பாபு வெட்டினான், சின்ன எண். தாமரை ஓடினாள், அதைவிடச் சின்ன எண். யாளி அவளைக் காலடியில் அழுத்திக்கொண்டது. விசிறி நிற்கவில்லை. தப். தப். தினேஷ் யாளியாகப் பேசினார்.

“சுமைய வை. இவள எடுத்துக்கினு போ.”

ரேவதியக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். எத்தனையோ பேருக்கு நாடி பார்த்த கை. பனிக்கட்டியாக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். டப்பாவைக் கவிழ்த்தேன். கொட்டைகள் பாயில் சரசரவென்று ஓடின.

“அவ்ளோதானா?” என்றது யாளி.

என் துப்பட்டா நுனியில் ஒரு முடிச்சு. அதற்குள் ஒரே ஒரு கொட்டை. ராஜாவின் போர்வையை எரித்த அன்றே எடுத்து முடிந்துவைத்தது. யாருக்கும் தெரியாது. தினேஷுக்கும் தெரிந்திருக்காது, கதைக்காகக் கேட்டிருப்பார். எனக்கு அப்போது அப்படித் தோன்றவில்லை. அதற்கு வாசனை தெரிந்துவிட்டது என்றுதான் தோன்றியது.

தப்.

“அவ்ளோதானா?”

முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தேன், துணியோடு கொட்டையும் கடிபட்டது. எடுத்துக் குவியலின் மேல் வைத்தேன்.

“அடிப்பாவி!” என்றான் பாபு.

விசிறி நின்றது. ரேவதியக்கா கட்டையை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டார். உருட்ட மனம் வரவில்லை. தினேஷ் அந்தக் கையைப் பிரித்துக் கட்டையை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“உருட்ட வேணாம்கா. அது சுமைய எடுத்துக்கினு போயிடுச்சு.”

மறுபடி விசிறியைத் தட்டினார். மெதுவாக. இன்னும் மெதுவாக. பிறகு இல்லை.

ரேவதியக்கா பல் பட்ட கொட்டையைப் பொறுக்கிப் பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துக்கொண்டார். நான் அன்று மதில் ஓரமாக நடந்தே வீட்டுக்குப் போனேன். வௌவால் கிளம்பியது. என்னிடம் அதற்கு என்ன இருக்கிறது?

அக்கா விமானம் ஏறினார். இப்போதும் அங்கேதான். பனியில் நிற்கிற படம் எப்போதாவது வரும். தினேஷைக் கம்பெனி திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. பாபு ஆட்டோவை விற்றுவிட்டு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி பஸ் ஓட்டுகிறான். எனக்குக் கல்யாணம் ஆனது. கடை இருந்த இடத்தில் மொபைல் கவர் விற்கிறார்கள். மாடி அறை அவர்களுடைய குடோன். பட்டு எரிகிற வாசனை அந்தத் தெருவில் இல்லை.

விளக்கு வைத்துவிட்டுத் திரும்பினேன். அதே மதில். பொழுது சாய்ந்திருந்தது. புடவைத் தலைப்பால் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டேன். உள்ளே கை சங்கிலியைப் பிடித்திருந்தது. மேலே சிறகுச் சத்தம் கேட்டது. நின்று காதைக் கொடுத்தேன்.

கீழே போடு என்று யாரும் கத்தவில்லை.