தண்ணீர் ஓடாத வடிகால்

எழுபதுகளில் வேலந்தாவளம் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் நான் மேஸ்திரி. மழை விட்டதும் குழிக்கு மேலே வெட்டியிருந்த வடிகாலைப் பார்த்து வருவது என் வேலை.

அந்த ஆடி மாதம் விடிய விடிய மழை. வடிகால் நிறைந்து ஓடும் என்று போனேன். பாதி தூரத்தில் தண்ணீரே இல்லை. அடியில் ஒரு பொந்து விழுந்து, வெள்ளமெல்லாம் அதில் இறங்கிக் கரையை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. காலடி மண் மெத்தைபோல அமுங்கியது. கீழே ஆட்கள் கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"கரை சரியுது" என்றால் நின்று வேடிக்கை பார்ப்பார்களே என்று, "வேட்டு! வேட்டு!" என்று கத்தினேன். எல்லோரும் ஓடினார்கள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. வெடி வைக்கும்போது அவர்கள் ஒதுங்கும் பாறைக் குடைவு என் காலுக்கு நேர் கீழே இருந்தது.

மறுபடி கத்த வாய் திறந்தேன், குரல் வரவில்லை.

கல் சுமக்கும் மாராத்தக்கா மட்டும் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"ஏனுங்க மேஸ்திரி, வேட்டுன்னா நீங்க எதுக்குங்க மேல நிக்கறீங்க?"

என் காலடியைக் கை காட்டினேன்.

"ஐயோ, கரை வருது! அல்லாரும் வெளிய வாங்க!" என்று அலறினார்.

அவர்கள் வெளியே வந்தார்கள். நான் கரையை விட்டுப் பின்பக்கம் பாய்ந்தேன். கரை சரிந்து குடைவின் வாயை மூடியது.

காப்பாற்றத்தான் கத்தினேன். இன்றும் யாருக்காவது அவசரமாக வழி சொல்ல வாயெடுத்தால், மண் மூடிய அந்த வாய் கண்முன் வந்து நிற்கிறது.